ரொட்டிப் பூசணமும் ஒரு மீசையும்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கே என் தூக்கத்தைத் தவிர எல்லோரும் நலம். அங்கே அக்காவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலமென்று நம்புகிறேன்.

நான் ரொட்டித் தொழிற்சாலையில் சுகாதார மேற்பார்வையாளனாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அதில் இரண்டு மாதமாகப் பூசணம் என் உயிரை வாங்குகிறது. ஐந்து நாள் தாங்க வேண்டிய ரொட்டி, மூன்றாம் நாளே பாக்கெட்டுக்குள் பச்சை பிடித்துக் கடைகளிலிருந்து திரும்பி வருகிறது. மேலாளர் அதை என் மூக்குக்கு நேரே ஆட்டி, "என்ன சார் இது, ரொட்டியா தோட்டமா?" என்கிறார். விடுவேனா நான்? மாவு மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுக் கிடங்கைக் கழுவினேன், தட்டுகளைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் அலசினேன், சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தேன், ஜன்னல்களை ஆணியடித்து மூடியதில் பாக்கிங் பெண்கள் வேர்த்து விறுவிறுத்து என்னைத் திட்டுவது என் அறை வரைக்கும் கேட்கிறது, அதுகூடப் பரவாயில்லை அத்தான், ரொட்டி வெட்டும் இயந்திரக்காரரோட மீசைதான் பெரிய வழக்காப் போச்சு. இருபத்திரண்டு வருஷ மீசை. "முகமூடிக்குள்ள அடங்காத மீசை இங்க ஆகாது, எடுத்துடுங்க"ன்னு சொன்னேன். "சார், என் கல்யாணத்துக்கே இதை எடுக்கலை"ன்னார். மறுநாள் எடுத்துட்டு வந்தா அடையாளம் தெரியாம காவலாளி உள்ளயே விடலை. அன்னியிலிருந்து மனுஷன் என்கூடப் பேசறதில்லை. எனக்கும் மனசு சங்கடமாத்தான் இருக்கு, ஆனா பூசணம் நின்னபாடில்லையே!

இத்தனைக்கும் நடுவில் எனக்குக் கைகொடுப்பது, புது வீட்டுக்கு நீங்கள் பரிசாகத் தந்த பெரிய மின்விசிறி ஒன்றுதான். சூடு ஆறாமல் பாக்கெட்டில் போட்டால் ரொட்டி வியர்த்துக் கெட்டுவிடுமே என்று, வேலையில் சேர்ந்த மறுமாதமே அதை வீட்டிலிருந்து தூக்கி வந்து ஆறவைக்கும் அறையில் நிறுத்திவிட்டேன். அதன்மேல் ஒருவரும் கைவைக்கக் கூடாதென்று உத்தரவும் போட்டிருக்கிறேன். உங்கள் பரணில் சும்மா கிடக்கும் அதன் ஜோடியையும் உடனே அனுப்பி வையுங்கள். நான் பின்வாங்கப்போவதில்லை. "பூசணத்துக்குக் காரணமானவர் யாராக இருந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் வேலையை விட்டு நீக்க வேண்டும்" என்று மேலாளருக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஆளைப் பிடிக்காவிட்டால் நான் உங்கள் மைத்துனனே இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு அன்பு. பெரியவன் ஒழுங்காகக் கை கழுவுகிறானா?

இப்படிக்கு,
சளைக்காத உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எங்கள் தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்து அம்மாள் வந்தார். காற்றில் பறந்து வரும் பூசணத்தைப் பிடிக்க, ஆறவைக்கும் அறையின் நாலு மூலையிலும் விசிறிக்கு எதிரிலும் சின்னக் கண்ணாடித் தட்டுகளைத் திறந்து வைத்திருந்தாராம். மூலைத் தட்டுகளில் ஒன்றிரண்டு புள்ளி. விசிறித் தட்டில் புள்ளி வைக்க இடமில்லை, முழுக்கப் பச்சை. "இதைக் கடைசியா எப்ப சார் தொடச்சீங்க?" என்று கேட்டார். இறக்கையில் இரண்டு வருடத்துத் தூசி, அத்தான். ஜோடியை அனுப்ப வேண்டாம்.

இதை ஒட்டியதும் விசிறியைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் போகிறேன். அதற்கு முன்பே இயந்திரக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் வெறும் உதட்டைத் தடவிக்கொண்டே, "மீசை வளந்துடும் சார். உங்க வேலை?" என்றார்.