ஒரு டன் புகை

இன்ஜெக்டர் மாற்றி வந்த மறுநாளே மான்சிக்கின் பிக்கப் கரும்புகை விடுவதை அடியோடு நிறுத்திவிட்டது. இப்போது வெள்ளைப் புகை விட்டது.

மான்சிக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ரோடு இல்லை, பஸ் ஸ்டாப் இல்லை, பஸ்ஸுக்கு நின்ற நாலு பேரும் இல்லை. ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார்.

"யாரும் பதற வேணாம். தீ இல்ல. நம்ம மான்சிக் வண்டிதான். மறுபடி சொல்றேன், மான்சிக் வண்டிதான்."

மானம் போனதுகூடப் பெரிதில்லை. கரும்புகைக்காகப் புகைச் சோதனையில் ஏற்கெனவே ஒரு முறை ஃபெயில். வெள்ளிக்கிழமைக்குள் மறுசோதனையில் தேறாவிட்டால் இந்த இருபத்திரண்டு வயது டீசல் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. மலைச்சரிவில் மூவாயிரம் கோஸ் முற்றி நின்றது. அந்தச் சரிவில் தன் வண்டியை ஏற்ற ஊரில் வேறு எவனும் சம்மதிக்க மாட்டான். மழை இறங்கினால் அத்தனையும் அழுகிப்போகும். மான்சிக்குக்கு ராத்தூக்கம் போய் ஒரு வாரமாகியிருந்தது.

மெக்கானிக் ஹோ புகையை மோந்து பார்த்தான்.

"அண்ணே, வெள்ளைப் புகைன்னா தண்ணி. ஹெட் கேஸ்கட் போயிருக்கு."

"போன வாரம் இன்ஜெக்டர்னு சொன்னியேடா?"

"அது கறுப்புக்கு. இது வெள்ளைக்கு."

கேஸ்கட் மாற்றினார்கள். வண்டி பூ மாதிரி வீடு வந்து சேர்ந்தது. வாசலில் மனைவி கும்ஜா படையலோடு நின்றாள்.

"மறுபடியுமா?" என்றார் மான்சிக்.

"இன்ஜெக்டர் மாத்துன அன்னிக்கு வெறும் கருவாட்டையும் மக்கொல்லியையும் வெச்சு ஒப்பேத்திட்டோம். வண்டிக்குக் கோபம் வராம என்ன செய்யும்?"

இந்த முறை சிவப்புப் பயறு தூவி அவித்த அரிசிமாவுப் பலகாரமும் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் வண்டிக்கு முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார்கள். மக்கொல்லி என்கிற அரிசிக்கள்ளை நாலு சக்கரத்திலும் ஊற்றுவது கும்ஜாவின் அண்ணன் தல்சூவின் பொறுப்பு. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் போவார், காலியாகத் திரும்பி வருவார். சக்கரத்துக்குப் போனது எவ்வளவு, தல்சூவுக்குப் போனது எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய மூக்கின் சிவப்பே போதும்.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியதும் பக்கத்து வீட்டுக்காரி முற்றத்தில் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"நாசமாப் போற வண்டி!" என்று புகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஹோ டீசல் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். கலங்கலாக வெள்ளைத் தண்ணீர் வந்தது.

"பாருங்கண்ணே, அரிசி கழுவுன தண்ணியாட்டம். கேஸ்கட் மேல தப்பில்ல. டீசல்ல கலப்படம்."

மான்சிக் நேரே பெட்ரோல் பங்குக்குப் போனார். பங்குக்காரர் அவருக்கு இருபது வருஷ சிநேகிதர்.

"ஏன்யா, தண்ணி கலந்து வித்துத்தான் பொழைக்கணுமா நீ?"

"நாக்கை அடக்கிப் பேசு! இதே குழாய்லதான் போலீஸ் வண்டிக்கும் ஊத்துறேன். அது புகையுதா? டாங்கி மூடிக்கு ஒரு பூட்டு போடத் துப்பில்ல, சண்டைக்கு வந்துட்டான்!"

இருபது வருஷ சிநேகம் அன்றோடு முடிந்தது. வீடு திரும்பும் வழியில் மான்சிக் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் அழுதார். புகை இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஹோ டாங்கியை இறக்கிக் கழுவினான். பம்பை மாற்றினான். குழாய்களையும் மாற்றினான். பழைய வண்டியில் மிச்சமிருந்தது ஹார்ன் மட்டும்தான். சாயங்காலம் ஸ்டார்ட் செய்தபோது புகைக்குழாயில் ஒரு இழைகூட இல்லை.

"இதுக்கு மேல புகைஞ்சா நான் தொழிலையே விட்டுர்றேண்ணே," என்றான் ஹோ.

வெள்ளிக்கிழமை காலை கும்ஜா பன்றித் தலையோடு நின்றாள்.

"இன்னைக்கு வேணாம் கும்ஜா. உன் கால்ல வேணாலும் விழுறேன்."

"வண்டி கால்ல விழுங்க, போதும். பன்னி எப்படிச் சிரிக்குது பாருங்க. நல்ல சகுனம்."

விழுந்தார். கும்பிட்டார். தல்சூ கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அப்புறம் துணைக்கு வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

சோதனை நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான். வரிசையில் முன்னால் ஒரே ஒரு வண்டி. மான்சிக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ரோடு இருந்தது, மரம் இருந்தது, மரத்தில் ஒரு காக்கா இருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. உள்ளேயிருந்து கொடியை ஆட்டினார்கள்.

கியரைப் போட்டபோதுதான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. மோந்து பார்த்தார்.

"என்ன மச்சான், இன்னைக்கு வாடையே காணோம்? மிச்சத்தைக் குடிக்கலையா?"

தல்சூவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் எப்ப மாப்ளே சாமி சரக்கைத் தொட்டேன்? ரப்பர் சக்கரம் எங்கயாவது குடிக்குமா சொல்லு, அதான் ஒவ்வொரு தடவையும் டீசல் மூடியைத் திறந்து அது வாயிலேயே கொஞ்சம் ஊத்திக்கிட்டு வந்தேன், இன்னைக்குப் பரீட்சையாச்சேன்னு முழுக் கெட்டிலையும் கொடுத்துட்டேன்!"