மார்ல்ஷயர் ப்ளக் பாயிண்ட் பரணி

வாழி! மார்ல்ஷயர் கவுண்டி அணியின் மானங்காத்த மாவீரன், மாரிக்கு அஞ்சா மடக்குக்குடையோன், பேருந்துக் கழகத்து முன்னாள் எழுத்தர், ‘உள்ளது உள்ளபடி’ என்னும் ஒலிபரப்பின் நிறுவனரும் ஆசிரியரும் வர்ணனையாளரும் ஆகிய கிளைவ் ஆட்வே வாழி! அன்னான் அலைபேசி வாழி! அதன் சார்ஜர் வாழி! ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்கே பரணி பாடலாம் என்பார் பாடிக்கொள்ளட்டும். எங்கள் ஊரில் யானை கிடையாது. ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்தான் இருந்தது.

முன்னொரு காலத்தில் எங்கள் மைதானத்துக்கு நாளிதழ்கள் ஆளனுப்பின. தொப்பியணிந்த அப்புலவர் கூட்டம் வந்தமர்ந்து, கிரிக்கெட் கழகம் இட்ட மதிய உணவை உண்டு, உறங்கி, எழுந்து, இரண்டு பத்தி எழுதிச் சென்றது. பிறகு அந்த இரண்டு பத்தியும் நின்றுபோயின. நாடெங்கும் சிதறிக் கிடந்த மார்ல்ஷயர் அடியார்கள், லாரி ஓட்டுநரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்போரும் உட்பட, ஸ்கோர் தெரியாமல் தவித்த அவ்விருண்ட நாளில், தன் சொந்த அலைபேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான் கிளைவ். “மறைக்க நம்மகிட்ட ஒண்ணுமில்ல” என்று முழங்கித்தான் ஒவ்வொரு நாளும் ஒலிபரப்பைத் தொடங்குவான். கமிட்டியைச் சாடினான், பயிற்சியாளரைச் சாடினான், புல்வெட்டுபவரைச் சாடினான், கேன்டீன் உருளைக்கிழங்கையும் விடவில்லை. யார் தப்புச் செய்தாலும் பெயர் சொல்லித்தான் திட்டுவான்.

அதனினும் பெரிது அவன் காத்த அறம். பந்து வீசுபவன் கைக்கு நேர் பின்னே, வெள்ளைத்திரைக்கு மேலுள்ள இருக்கைகளில், ஓவர் நடக்கும்போது ஒருவரும் அசையலாகாது. அசைந்தால் மட்டையாளன் கவனம் சிதறும். அங்கே ஒரு பாதிரியார் தும்மிக்கொண்டே எழுந்தபோது, “உக்காருங்க சாமி!” என்று கிளைவ் இட்ட சிம்மநாதத்தில் அம்பயரே ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பாதிரியார் அந்த வருடம் முழுக்க வரவில்லை.

இத்தகையோனுக்கும் பகைவன் இருந்தான். ராட்னி ஸ்பால்டிங் என்பது அவன் பெயர். ஒருகாலத்தில் இருவரும் ஒரே மைக்கில் பேசியவர்கள். டாஸ் வென்ற நம் கேப்டன் முதலில் மட்டை பிடித்தது சரியா தவறா என்ற ஒரு கேள்வியில் நட்பு முறிந்து, ராட்னி போய் ‘மார்ல்ஷயரின் மெய்க்குரல்’ என்று தனிக்கடை போட்டான். அன்றுமுதல் இருவரும் ஒரே வரிசையில், நடுவில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வந்தது செப்டம்பர் மாதத்துக் கடைசி ஆட்டத்தின் கடைசி நாள். டிரா செய்தால் மார்ல்ஷயர் முதல் பிரிவில் நிலைக்கும். தோற்றால் கீழ்ப்பிரிவுப் பாதாளம். நம்மவரிடம் மிஞ்சியது கடைசி விக்கெட். கடக்க வேண்டியதோ இன்னும் நாலைந்து ஓவர். கழகத்தின் சொந்த கேமராவோ காலையிலேயே மயங்கி, ஒரு கடற்காக்கையை மட்டும் உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஆக, கவுண்டி முழுவதின் உயிரும் இரண்டு கிழவர்களின் அலைபேசிகளில் தொங்கியது. இரண்டிலும் பேட்டரி சிவப்பு.

கிளைவ் ஓடினான் செய்தியாளர் அறைக்கு. கண்ணாடிக்கு உள்ளே வரிசை வரிசையாய் ப்ளக் பாயிண்ட், ஆளோ ஒருவரும் இல்லை, கதவில் பூட்டு. காவல் நின்றாள் கழகத்தின் ஊடக அதிகாரி இமோஜன்.

“உள்ள யாருமே இல்லையேம்மா?”

“இல்லதான், மிஸ்டர் ஆட்வே. ஆனா அது பத்திரிகைக்காரங்களுக்கு.”

“எந்தப் பத்திரிகைக்காரங்க? யாரு வர்றா?”

“வந்தா உக்கார இடம் வேணுமில்ல?”

இப்படியும் ஒரு நியாயம் உண்டா, சொல்லுங்கள்! விளையாட்டைச் சொல்ல வராதவனுக்கு நாற்காலியும் மின்சாரமும். நாள் தவறாமல் சொல்பவனுக்குப் பூட்டு. வயிறெரிந்து தன் இருக்கைக்குத் திரும்பினான் வீரன்.

அப்போது கண்டான் அதை. வெள்ளைத்திரைக்கு நேர் மேலே, தூண் ஒன்றின் அடியில், துப்புரவாளர் இயந்திரம் மாட்டும் ஒற்றை ப்ளக் பாயிண்ட்! அதே கணம் ராட்னியும் கண்டான். இருவர் அலைபேசிகளும் கறுத்து அணைந்தன. ஓவர் முடியட்டும் என்று கிளைவ் காத்திருந்தான், அது அறம். ராட்னியோ நடு ஓவரில் மெல்ல எழுந்து, குனிந்து, நகர்ந்தான்.

அவ்வளவுதான்! அறத்தை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் பாய்ந்தான் கிளைவ். வாளென ஒயர் சுழல, கேடயமெனக் கைப்பை எழ, மூட்டுவலி முழங்காலிரண்டும் முரசென அதிர, கம்பளிச்சட்டையொடு கம்பளிச்சட்டை பொருத, பகலவன் ஒளியில் மூக்குக்கண்ணாடிகள் மின்னலென வெட்ட, தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தது அத்துவந்த யுத்தம்.

“கையை எடுய்யா ராட்னி!”

“நான்தான்யா முதல்ல பாத்தேன்!”

“பாத்தா ஆச்சா? சொருகணும்யா!”

சொருகினான் கிளைவ்! அலைபேசியின் முகத்தில் ஒளி பிறந்தது. வெற்றி, வெற்றி என்று நிமிர்ந்து இரு கைகளையும் விண்ணோக்கி உயர்த்தினான் அப்பெருமகன். அந்தக் கணத்தில் கீழே ஒரு சத்தம் கேட்டது. ஸ்டம்ப் சாய்ந்த சத்தம்.

மட்டை பிடித்துநின்ற பதினோராமவன், இளைஞன் டோபி க்ரெசல், பந்தைப் பார்க்கவில்லை. பந்து வீசியவன் தலைக்கு மேலே, திரைக்கு மேலே, கைகளை ஆட்டிய இரண்டு கிழவர்களைப் பார்த்திருந்தான். இப்போது மட்டையை நீட்டி அவர்களைச் சுட்டிக்காட்டினான். எதிரணி கட்டிப்பிடித்துக் குதித்தது. மைதானத்தில் மிச்சமிருந்த தலைகள் எல்லாம் மேலே திரும்பின. கிளைவும் ராட்னியும் ஒருசேரத் தங்கள் பின்னால் திரும்பி, குற்றவாளியைத் தேடுவோர்போல் வெறுஞ்சுவரைப் பார்த்தார்கள்.

அலைபேசி முழுதாய் விழித்தது. குறுஞ்செய்திகள் கொட்டின. என்ன ஆச்சு கிளைவ்? தப்பிச்சோமா? ஆஸ்பத்திரியில நர்ஸும் கேக்கறாங்க, சொல்லுங்க.

நாவே, இதைச் சொல்லத்தான் வேண்டும். கமிட்டிக்கு அஞ்சாதவன், கேப்டனுக்கு அஞ்சாதவன் மைக்கைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். வெட்கத்தில் காதுவரை சிவந்தான். பக்கத்தில் ராட்னி, நெடுநாள் பகைவன், ஒரு வார்த்தை மைக்கில் சொன்னால் போதும், ‘உள்ளது உள்ளபடி’ அன்றே சாம்பல். ஆனால் அந்த வார்த்தையில் அவன் பெயரும் வருமே!

கிளைவ் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

“அவுட். போச்சு. கீழ்ப்பிரிவுதான்... திரைக்கு மேல யாரோ ஒருத்தன் எழுந்து நடந்துட்டான்.”

ராட்னி குனிந்தான். அலைபேசியைப் பார்த்தான். கிளைவைப் பார்த்தான். பிளவுபட்ட நாள்முதல் ஒரே மைக்கில் பேசாத அவ்விரு குரல்களும் அன்றுதான் மீண்டும் சேர்ந்தன.

“ஆமாங்க,” என்றான் ராட்னி. “யாரோதான். அறிவுகெட்டவன்.”

பிறகு இருவரும் கீழே போய் ஆளுக்கொரு டீ குடித்தார்கள்.