மைலேஜ் சாமியும் எட்டு விரல் பெட்ரோலும்

பெட்ரோல் விலை கிடுகிடுவென்று ஏறிய எழுபத்து நான்காம் ஆண்டில், கடத்தூருக்கு வெளியே ஒரு பாறைச் சரிவில் மைலேஜ் சாமி அவதரித்தார். அவதாரங்களுக்கு நேரம் பார்க்கத் தெரியும். பெட்ரோல் மலிவாக ஓடிய காலத்தில் இந்தச் சாமி எந்தப் பாறைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாமி செய்த அற்புதம் இதுதான். வண்டி ஓடும், பெட்ரோல் குறையாது. குறையாதது என்ன, ஓடி வந்த பிறகு டேங்கில் கூடியிருக்கும்! அரபு தேசத்தில் குழாயை மூடினால் கடத்தூரில் சாமி திறந்துவிடுவார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் டாக்சி, ஜீப், வேன் என்று சாலையோரம் நீளமாக நிற்கும். வந்தவர்களில் பாதிப் பேருக்கு வண்டியே கிடையாது, எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்க வந்தவர்கள். ஊரைச் சொல்வானேன், நானே போனேன். என்னிடம் இருந்தது சைக்கிள். அதற்கே ஓர் அருட்குச்சி வாங்கி வந்தேன்.

அருட்குச்சி என்றால் வேறொன்றுமில்லை. பழைய வண்டிகளில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள் என்றைக்கோ செத்துப் போயிருக்கும். டேங்க் வாயில் ஒரு குச்சியை விட்டு, நனைந்த இடத்தை விரல் வைத்து அளப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். சாமி அந்தக் குச்சிக்கு மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார், அப்படியே விலையும் வைத்தார்.

பூஜை பார்க்கக் கண்கொள்ளாது. சாமியின் குடிசை சரிவின் மேலே, சாலை கீழே. வண்டி கிளம்பும்போது மூக்கு சாலையைப் பார்த்து இறக்கத்தில் நிற்கும். சாமி குச்சி விட்டு எடுப்பார். "அஞ்சு விரல்!" என்று கூட்டம் கத்தும். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி இறங்கி, அடுத்த ஊர் எல்லையைத் தொட்டுவிட்டு வந்து, நேராகச் சரிவில் ஏறி, குடிசையைப் பார்த்து நிற்கும். மறுபடியும் குச்சி. "எட்டு விரல்!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நானும் போட்டுக்கொண்டேன். இரண்டு கன்னத்திலும்.

ஆனால் எல்லா வண்டிக்கும் அருள் இறங்காது. டேங்க் வாய் முன்பக்கம் இருந்தாலோ, டேங்க் சிறியதாக இருந்தாலோ சாமி முகத்தைத் திருப்பிக்கொள்வார். "தோஷ வண்டி! தள்ளிட்டுப் போ!" தோஷமில்லாத வண்டி எங்கே கிடைக்கும்? அதற்குத்தான் பக்கத்திலேயே தரகர் பெரியண்ணன் நிற்கிறாரே! அவரிடம் ஒரு கிழட்டு வேன் எப்போதும் விற்பனைக்கு இருக்கும். நீண்ட டேங்க், பின்பக்கம் வாய். அருள் இறங்குவதற்கென்றே செய்தது.

இந்த வலையில்தான் நூர் பாஷா வந்து விழுந்தார். கடத்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். கிணற்று மோட்டார் புகைந்தால் விவசாயி அவரிடம்தான் ஓடி வருவான். மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவரவும், சரிசெய்து கொண்டுபோய் மாட்டவும் மாட்டு வண்டியை நம்பியிருந்தார். வண்டி போய்ச் சேர்வதற்குள் பயிர் வாடிவிடும். வேன் வைத்திருந்த வேறொரு கடைக்காரன் வேலைகளைத் தட்டிக்கொண்டு போனான். ஆகவே ஒரு வண்டி வேண்டும், எண்ணெய் அதிகம் குடிக்காத வண்டியாக வேண்டும். நியாயமான ஆசை. நியாயமான ஆசை உள்ளவர்கள்தான் சாமிகளுக்கு வசதி.

அவர் மனைவி ரஹமத் பீவிக்கு, மண்ணெண்ணெய் வியாபாரியான அப்பா கொடுத்துவிட்டுப் போன பன்னிரண்டு புளியமரங்கள் இருந்தன. பிள்ளைகளின் படிப்பு, துணிமணி எல்லாம் அந்த மரங்களில்தான் காய்த்தன. வேனுக்கு மாற்றாக அந்தத் தோப்பை எழுதிக்கொடு என்றார் பெரியண்ணன். பாஷாவும் தலையாட்டிவிட்டு வந்தார்.

"ஏங்க, நாம முன்ன பாத்து வெச்ச, நல்லா இருக்கற அந்த மூணு சக்கர வண்டி வேணாமா?" என்றாள் ரஹமத் பீவி. "ரெண்டு வருச புளிய மகசூல குத்தகைக்கு விட்டா அத வாங்கிரலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது தோஷ வண்டியாம்மா."

"யாரு சொன்னது?"

"சாமி."

"சாமி எத்தன மோட்டாரு தூக்கிட்டுப் போயி மாட்டியிருக்காரு? நம்ம வூட்டுல எப்பங்க இந்தப் பழக்கம் வந்துச்சு?"

"அவருகிட்ட சாதி மதம் பேதமே இல்ல ரஹமத்து. எல்லா டேங்கும் ஒண்ணுங்கறாரு."

"எல்லாப் பையும் ஒண்ணும்பாரு, அதயும் கேட்டுட்டு வாங்க" என்றாள் அவள். "எங்கப்பா வண்டி தள்ளித் தள்ளிச் சம்பாரிச்ச மரங்க அது. கையெழுத்துப் போடறதுக்கு முன்ன நானும் வந்து பாக்கறேன்."

செவ்வாய்க்கிழமை வந்தாள். தரகர் கையில் பத்திரம் தயாராக இருந்தது. வேன் இறக்கத்தில் நின்றது. குச்சி இறங்கியது. அஞ்சு விரல்! வேன் போய் வந்தது, சரிவில் ஏறிக் குடிசையைப் பார்த்து நின்றது. குச்சி இறங்கியது. எட்டு விரல்! கன்னங்கள் பட்பட்டென்று அடிபட்டன. பாஷா ஆனந்தத்தில் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேனைப் பார்க்கவில்லை. வேன் நின்ற தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடும்மா கையெழுத்த" என்று பேனாவை நீட்டினார் பெரியண்ணன்.

"போடறேங்க. அதுக்கு முன்ன சாமிகிட்ட ஒரே ஒரு வேண்டுதல்."

"கேளு தாயே" என்றார் சாமி, கண்ணை மூடியபடி.

"இப்ப எட்டு விரல் இருக்குதுங்களே, வண்டி இனி எங்கயும் ஓட வேணாம். இஞ்சின அணைச்சிட்டு, நாலு பேரு தள்ளி, மூஞ்சி ரோட்டப் பாக்கறாப்புல திருப்பி நிறுத்தட்டும். அப்புறம் குச்சி விடுங்க."

சாமியின் கண் திறந்துகொண்டது. "அபச்சாரம்! சன்னிதிக்கு முதுகு காட்டி நிக்கலாமா?"

"கெளம்பறப்ப அப்பிடித்தானுங்களே நின்னுச்சு?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வத்தல்மலையிலிருந்து சாமையும் ராகியும் இறக்க ஜீப் வாங்கலாமா என்று கேட்க வந்திருந்த செல்லன் என்ற விவசாயி எழுந்தான். "அந்தம்மா கேக்கறது நாயந்தானே? ஆளுக்கொரு கை போடுங்கப்பா!"

தள்ளித் திருப்பினார்கள். நானும் ஒரு கை போட்டேன். சாமி குச்சியைத் தர மறுத்தார். அதனால் என்ன, என் அருட்குச்சி என் கையிலேயே இருந்தது. காசு கொடுத்து வாங்கியதற்கு அன்றுதான் பயன்பட்டது. செல்லன் அதை டேங்கில் விட்டு எடுத்தான், விரல் வைத்தான், எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"அஞ்சு விரலே இல்லீங்க. நாலரதான்."

"அட பாவிங்களா! நின்ன எடத்துலயே மூணர விரல் குடிச்சிருச்சா?" என்று ஒரு டாக்சிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாமி சுதாரித்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல திறமைசாலி. "பாத்தீங்களா? நம்பிக்கையில்லாதவங்க கண்ணு பட்டதும் பெட்ரோலு கோவிச்சிக்கிட்டுது!"

"சரிங்க சாமி, கோவம் தணியட்டும்" என்றாள் ரஹமத் பீவி. "மறுபடியும் குடிசயப் பாக்கத் திருப்புங்கண்ணா."

திருப்பினோம். குச்சி இறங்கியது. எட்டு விரல்.

"கோவம் போயிருச்சுடோய்!" என்று செல்லன் கத்தினான். பாறைச் சரிவே சிரித்தது. அந்த டாக்சிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. முந்தின மாதம்தான் சாமி சொன்னாரென்று நல்ல வண்டியைத் தள்ளிவிட்டு ஒரு கிழட்டு வேனை வாங்கியிருந்தார். தெருவில் நிற்கிறதாம் அது.

ரஹமத் பீவி சொன்னாள்: "எங்கப்பா தள்ளுவண்டியில மண்ணெண்ண பீப்பா வெச்சி வித்தாரு. எண்ணெ அடியில போயிட்டா கொழாயில வராது. வண்டியப் பின்னால தூக்கிப் புடிப்பாரு, எண்ணெ முன்னால வந்து கொழாயில கொட்டும். எண்ணெ கூடிப்போச்சுன்னு எங்கப்பா ஒரு நாளும் சொன்னதில்ல. இந்த டேங்கு நீளம், வாயி பின்னால. மூஞ்சி எறக்கத்துல இருந்தா பெட்ரோலு முன்னால ஓடிரும், குச்சிக்குக் கொறச்சலாக் காட்டும். மூஞ்சி மேட்டுல இருந்தா அத்தனயும் வாய்க்கிட்ட வந்துரும். அவ்வளவுதானுங்க அருளு. சின்ன டேங்குல இந்த வித்த காட்ட முடியாது, அதுக்குத்தான் தோஷம்னு பேரு."

கூட்டம் சாமியைத் தேடியது. அவர் அருட்குச்சிகளை அப்படியே போட்டுவிட்டுப் பாறைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தார். காவி வேட்டி மட்டும் முள்ளில் மாட்டிக்கொண்டு கிடந்தது. பின்னால் விசாரித்ததில், சாமியின் பூர்வாசிரமப் பெயர் தீர்த்தகிரி என்றும், லாரியில் கிளீனராக இருந்தவர் என்றும், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரியை நிறுத்தி டீசல் உறிஞ்சி விற்றதற்காக முதலாளி விரட்டிவிட்டார் என்றும் தெரிந்தது. சரிவின் மகிமையை அங்கேதான் கற்றிருக்கிறார்.

பெரியண்ணன் பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகப் பார்த்தார். ரஹமத் பீவி கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார். அவள் அதை நான்காகக் கிழித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். பாஷா தரையைப் பார்த்துக்கொண்டு, "வூட்டுக்குப் போலாம் ரஹமத்து" என்றார்.

"எதுக்குங்க வூட்டுக்கு? அந்த மூணு சக்கர வண்டியப் பாக்கப் போலாம்" என்றாள் அவள்.

மறுநாள் அவர்கள் செய்தது பூஜையில்லாத வேலை. மூன்று சக்கர வண்டியின் டேங்கைச் சுத்தமாக வடித்துவிட்டு, அளந்து ஒரே ஒரு லிட்டர் ஊற்றி, மோட்டார் ஒன்றை ஏற்றிக்கொண்டு, வண்டி தானாக நிற்கும்வரை சாலையில் ஓட்டிக் கிலோமீட்டர் கல்லை எண்ணினார்கள். அது இருபத்திரண்டாவது கல்லில் நின்றது. போட்டிக்குப் பெரியண்ணனின் கிழட்டு வேனையும் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று செல்லன் அடம்பிடித்தான். அது ஏழாவது கல்லுக்கு முன்பே உட்கார்ந்துகொண்டது. புளிய மகசூலைக் குத்தகைக்கு விட்டு மூன்று சக்கர வண்டியைப் பாஷா வாங்கினார். பன்னிரண்டு மரமும் அவள் பெயரிலேயே இருக்கின்றன.

ஊர் திருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். அடுத்த மாதமே, கரண்ட் மீட்டரைப் பின்னோக்கிச் சுற்ற வைக்கும் சாமி ஒருவர் அரூர்ப் பக்கம் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அதே கூட்டம் அதே எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறியது. இந்தத் தடவை நான் போகவில்லை.

என் அருட்குச்சி அவரைக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் டேங்கில் விடுவதற்கு முன் அவரவர் தலையில் ஒரு தடவை விட்டு, உள்ளே எத்தனை விரல் இருக்கிறது என்று பாருங்கள் ஐயா. அளக்கும்போது மட்டும் அந்தத் தலையை எவன் காலடியிலும் சாய்த்துவிடாதீர்கள், அளவு தப்பாகக் காட்டும்.