இன்னும் ஒரே ஒரு திருகு

'இன்னும் ஒரே ஒரு திருகு' ஆசாமியை உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. கட்டில் வாங்கினால் படுக்கமாட்டார், கால் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்; டீ போட்டால் குடிக்கமாட்டார், துளி சர்க்கரை சேர்த்து, போதாதென்று இன்னும் துளி சேர்த்துக் கலக்கிக்கொண்டே இருப்பார். டீ ஆறிவிடும். அதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை. வேலை முடிந்துவிடுமோ என்பதுதான் கவலை.

அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமா? டில்லி மயூர் விஹாருக்கு வாருங்கள். பூர்வீகம் நாசரேத், வேலை நொய்டாவில் ஒரு நிதி நிறுவனத்தில், பெயர் தேவநேசன். மனைவி இன்பராணி நர்ஸ். தமிழ்ச் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவர்தான்.

தீபாவளி விடுமுறையில் தேவநேசன் ஒரு பேஸ் கித்தார் கிட் வரவழைத்தார். உடம்பு தனி, கழுத்து தனி, கம்பிகள் தனி. எல்லாவற்றையும் பொருத்தி, சாயம் பூசி, வயரைப் பற்றவைத்து, லீவு முடிவதற்குள் அதைப் பேச வைத்துவிட்டார். கெட்டிக்காரர்தான், இல்லை என்று யார் சொன்னது? இன்பராணிக்குப் பெருமை தாங்கவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வழக்கமாக வாசிக்கும் வெளி ஆளுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். "எங்க வீட்ல அவியளே வாசிப்பாவ" என்று சபை முழுக்க அறிவித்தும் விட்டார்.

அப்புறம்தான் கம்பியின் உயரம் குறுக்கே வந்தது. கம்பி உயர்ந்து நின்றால் விரல் நோகும். தாழ்ந்து நின்றால் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்னும் உலோகப் பட்டைகளில் உரசிக் 'கிர்ர்' என்னும். நடுவில் எங்கோ ஒரு மயிரிழையில் பரமபதம் இருக்கிறது. அதைத் தேடி, கம்பியை ஏற்றி இறக்கும் ஆலன் கீ என்ற சின்னத் திருகுசாவியும் கையுமாக தேவநேசன் புறப்பட்டார். ஒத்திகையில் எல்லோரும் பாடினார்கள், அவர் திருகினார். அடுத்த ஒத்திகையிலும் பாடினார்கள், திருகினார்.

"நேத்து நல்லாத்தான கேட்டுச்சு? பொறவும் ஏன் திருகுதிய?" என்றார் இன்பராணி.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒரே ஒரு திருகு, ஏக்தம் அச்சா ஆயிரும்."

கிறிஸ்துமஸ் காலை அது ஏக்தம் அச்சா ஆகியும் விட்டது. வீட்டில்! ஹீட்டர் பக்கத்தில்! பனிமூட்டத்தில் ஆட்டோவில் பயணம் செய்து, ஐஸ்பெட்டி மாதிரி இருந்த ஆலயத்துக்குள் நுழைந்ததும் கழுத்து மரம் குளிரில் இம்மி வளைந்துகொண்டது. கிர்ர். டில்லிக் குளிருக்கு மனிதனே வளைகிறான், மரம் என்ன செய்யும்? தேவநேசன் சாவியை எடுத்தார். பிரசங்கம் முழுக்கக் குனிந்தே இருந்தார். போதகர்கூட உருக்கமான ஜெபம் என்று நினைத்திருக்கலாம்.

காணிக்கை எடுத்து முடித்தவுடன் இவர்கள் பாட்டு. கீபோர்டில் சைமன் விரலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஜல்தி, அண்ணே!"

"ஒரே ஒரு..."

அந்த நேரம் காணிக்கைப் பை பாடகர் வரிசைக்கு வந்தது. இன்பராணி தன் காணிக்கையைப் போட்டார். பிறகு பக்கத்தில் திருகிக்கொண்டிருந்த கணவரின் கையிலிருந்து ஆலன் கீயைப் பிடுங்கி, அதையும் பைக்குள் போட்டார்.

தேவநேசனின் கை பையை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது. காணிக்கைப் பைக்குள் கையைவிட்டு எதையாவது எடுக்கும் மனிதனைச் சபை என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்று அவருக்குத் தெரியும். பை நகர்ந்து போயிற்று. இன்பராணி கையை உயர்த்தினார். வேறு கதியில்லை, தேவநேசன் வாசித்தார்.

அடடா! தூணெல்லாம் அதிர்ந்தது. பின்வரிசையில் தூங்கியவர்கள் எழுந்து தாளம் போட்டார்கள். கிர்ர் இருந்ததா? இருந்தது. யார் காதிலாவது விழுந்ததா? ஒருவர் காதில் மட்டும் விழுந்தது.

ஆராதனை முடிந்து கேக் கொடுத்தபோது எல்லோரும் அந்த ஒருவரைப் பாராட்டத் தேடினார்கள். அவரோ காணிக்கை எண்ணும் அறை வாசலில், பையை எப்போது கவிழ்ப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காருமுன் நாற்காலியை எத்தனை தடவை நகர்த்தினீர்கள், ஃபேனை எத்தனை தடவை கூட்டிக் குறைத்தீர்கள் என்பதை உங்கள் வீட்டு இன்பராணியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பை உங்கள் வரிசைப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.