ஒரு ஆஸ்பத்திரிக்கே அசிடிட்டி

ஹைதராபாத்தில் கோபக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. மீட்டர் போடச் சொன்னால் முறைக்கும் ஆட்டோக்காரர், சுவரில் ஆணி அடித்தால் ஓடிவரும் வீட்டுக்காரர், அமெரிக்காக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நம் தலையில் இறக்கும் மேனேஜர் என்று எல்லா ரகமும் பார்த்திருக்கிறேன். லெக்கல மாஸ்டருக்கு முன்னால் இவர்களெல்லாம் பால் குடிக்கும் பிள்ளைகள். அந்த மனுஷர் தூங்கும்போதும் கோபமாகத்தான் தூங்கியிருப்பார்.

லெக்க என்றால் தெலுங்கில் கணக்கு. அதற்காக அவரைக் கணக்கு வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். சிகந்தராபாத்திலிருந்து பாலாநகர் போகிற வழியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. எத்தனை பேர் என்னென்ன வியாதியோடு வந்தார்கள் என்று நோயாளிகளின் ஃபைல்களைப் பார்த்து மாதாமாதம் எண்ணிச் சொல்ல வேண்டும். நர்ஸுகள் வைத்த பெயர்தான் லெக்கல மாஸ்டர். மூன்று தலைமுறையாக சிகந்தராபாத்தில் இருக்கும் தமிழ் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் அவருடைய வாக்கியம் தமிழில் கிளம்பி, உருதுவில் சண்டை போட்டு, தெலுங்கில் போய் இறங்கும்.

ஃபைலில் டாக்டர் வியாதியின் பெயரை எழுதாமல் விட்டால் தொலைந்தார். ஒரு சர்ஜன் இவருக்குப் பயந்து பாத்ரூமுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். மாஸ்டர் அசரவில்லை. ஃபைலையும் பேனாவையும் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் ஃபைல் பூர்த்தியாகி வெளியே வந்தது. சர்ஜன் வர மேலும் அரை மணி நேரம் ஆயிற்று.

இன்னொரு முறை, இறந்துபோன ஒருவரின் ஃபைலில் ஒரு இளம் டாக்டர், காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றது' என்று எழுதிவிட்டார். மாஸ்டரின் சத்தம் கேன்டீன்வரை கேட்டது.

"கைக்கு ரே? ஏன்டா இப்படி எழுதினே? எல்லாருக்கும்தான் கடைசில ஹார்ட் நிக்குது! ரயில் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, சக்கரம் சுத்தலைன்னு சொல்லுவியா? ஏன் நின்னுச்சு, அதை எழுது!"

சர்ச்சிலும் இதே கதைதான். பிரசங்கத்துக்கு நடுவில் பின்னால் உட்கார்ந்து, எந்த வரிசையில் சுகர் எத்தனை, பிரஷர் எத்தனை, மூட்டுவலி எத்தனை என்று விரல் விட்டு எண்ணுவாராம். பாடலுக்கு எழுந்து நிற்கிற வேகத்தை வைத்தே மூட்டுவலியைக் கண்டுபிடித்துவிடுவார் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனுஷரிடம் போய் நான் மாட்டினேன். எனக்கு விருதுநகர். அமீர்பேட்டில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, மாதாப்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயசு. அந்த ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் வேலை. அது நல்லபடியாக முடிந்தால் அடுத்த பேட்சில் என்னை அமெரிக்கா அனுப்புவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நானும் ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் மாஸ்டர் எதிர்ப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ கல்யாண வீடு மாதிரி கொண்டாடினார். தான் ஒரு மாதம் எண்ணுவதை அது ஒரு நிமிஷத்தில் எண்ணும் என்று கேள்விப்பட்டு, ரெக்கார்டு ரூமில் அதற்கு நல்ல இடமாகப் பார்த்து ஒதுக்கினார். சண்டை ஆரம்பித்தது நான் திரையைக் காட்டியபோதுதான்.

"வியாதிக்கு ஒரே ஒரு கட்டம்தானா?" என்றார்.

"ஆமா ஸார். எதுக்காக வந்தாங்களோ அதை மட்டும் போட்டாப் போதும்."

"நக்கோ! வேண்டவே வேண்டாம்! பாலாநகர்ல லேத்துல கையைக் குடுத்துட்டு ஒருத்தன் வர்றான். வந்தது கைக்கு. ஆனா அவனுக்குச் சுகர் இருக்கு, புண்ணு ஆறல. பிரஷர் இருக்கு, மயக்க மருந்து குடுக்க டாக்டர் யோசிக்கிறாரு. இதுல எதை எழுதுவே? வியாதி தனியா வராது தம்பி, பொண்டாட்டி பிள்ளைங்களோட வரும். எல்லாரையும் உன் ஒரு கட்டத்துல எங்க உக்கார வைப்பே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்திருப்பவர் எனக்கு புரோகிராம் சொல்லித் தருவதா? மேனேஜரிடம் போனேன். "அதெல்லாம் அடுத்த வெர்ஷன்ல" என்றார் அவர். எங்கள் தொழிலில் அடுத்த வெர்ஷன் என்பது ஆடி போய் ஆவணி வந்தால் டாப்பாக வருவான் என்கிற மாதிரி. வரும், ஆனால் வராது.

அந்த ஒற்றைக் கட்டத்திலும் நான் ஒரு புண்ணியம் செய்திருந்தேன். வியாதிகளின் பட்டியலை ஆங்கில அகர வரிசையில் போட்டு, முதலில் இருப்பது தானாகவே கட்டத்தில் வந்து உட்காரும்படி எழுதியிருந்தேன். எதையாவது தேர்ந்தெடுத்தால்தான் நகருவேன் என்று கட்டம் அடம்பிடிக்கும்படி நான் எழுதியிருக்க வேண்டும். அது என் மண்டையில் உறைக்கவில்லை. பட்டியலில் முதலில் இருந்தது அசிடிட்டி.

டியூட்டி டாக்டர்களுக்கு நேரம் ஏது? பெயர் அடித்தார்கள், வயது அடித்தார்கள், அப்புறம் எண்டர், எண்டர், எண்டர்.

மூன்று மாதம் கழித்து முதல் ரிப்போர்ட் வந்தது. ஆஸ்பத்திரி முழுக்க அசிடிட்டி. ஆஸ்பத்திரியின் எம்.டி. சென்னையில் படித்த டாக்டர், நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் ஒரு வினாடிகூடச் சந்தேகப்படவில்லை.

"இந்த ஊர்ல காலைல பாயா, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் மிர்ச்சி பஜ்ஜி. அசிடிட்டி வராம வேற என்ன வரும்?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் வெட்கமில்லாமல் குலுக்கினேன்.

அதோடு விட்டாரா? ஐந்தாம் நம்பர் வார்டை எடுத்துவிட்டு அங்கே வயிற்று வைத்தியத்துக்கு ஏசி போட்ட தனிப் பிரிவு கட்டப்போவதாக அறிவித்தார். ஐந்தாம் நம்பர், நெஞ்சு நோய் வார்டு. பத்துக் கட்டில். பாலாநகர் பட்டறைகளில் கிரைண்டிங் தூசியை வருஷக்கணக்காக இழுத்து நுரையீரல் கெட்டுப்போனவர்கள்தான் அதில் பெரும்பாலும். பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கும். கம்ப்யூட்டரைக் கேட்டால் அந்தப் பத்துப் பேருக்கும் அசிடிட்டி. அப்புறம் எதற்கு நெஞ்சு நோய்க்கு ஒரு வார்டு? திங்கட்கிழமை காலி செய்ய வேண்டியது என்று உத்தரவு.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் மாதாப்பூர் ஆபீஸ் வாசலில் ஒரே களேபரம். செக்யூரிட்டியைத் தள்ளிக்கொண்டு மாஸ்டர் வந்துகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு ஃபைல். என் மேஜையில் அதைப் போட்ட வேகத்தில் காபி கொட்டியது.

"படி!"

படித்தேன். பிறந்து ஒரு நாளான பெண் குழந்தை. பக்கத்திலேயே கம்ப்யூட்டர் சீட்டு, அசிடிட்டி என்று.

"நேத்துதான் பொறந்துச்சு. அதுக்குள்ள என்ன சாப்ட்டுச்சு ரே, பாயாவா? மாடிலேர்ந்து விழுந்து கால் ஒடிஞ்சவன், அவனுக்கும் அசிடிட்டி. கண்ணுல புரை, அதுக்கும் அசிடிட்டி. அஞ்சாம் நம்பர்ல யாதகிரி மூச்சு விட முடியாம ராத்திரி பகலா உக்காந்தே இருக்கான், அவனுக்கும் உன் மிஷின் அசிடிட்டிங்குது! அங்கேர்ந்து துரத்தினா, கட்டில் கிடைக்கிற அடுத்த ஆஸ்பத்திரிக்கு அவன் ரெண்டு பஸ் மாறணும். நாலு படி ஏற முடியாதவன் பஸ் ஏறுவானா?"

எண்டர் கீ சத்தம் அப்போதுதான் என் காதில் விழுந்தது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. மேனேஜரிடம் ஓடினேன். அவர் என்னைக் கண்ணாடி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"செலக்ட் பண்ணாம எண்டர் தட்டினது டாக்டருங்க தப்பு. நம்ம தப்பு இல்ல. நீ வாயைத் திறக்காதே. திறந்தா உன் டிக்கெட் கேன்சல்."

இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆளின் மேல் அல்ல. சரி ஸார் என்று தலையாட்டினேனே, அந்தத் தலையின் மேல்.

சனிக்கிழமை எம்.டி. அறையில் மீட்டிங். ஒரு பக்கம் மேனேஜரும் நானும். எதிரே மாஸ்டர், தான் கையால் எழுதிய ரிஜிஸ்டரோடு. அதில் நிஜமான கணக்கு இருந்தது. துரதிர்ஷ்டம் என்னவென்றால் அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எம்.டி. ரிஜிஸ்டரை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், மூடி வைத்தார்.

"மாஸ்டர், இதை நீங்களே படிச்சுக் காட்டினாலும் என்னால நம்ப முடியாது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

யாரும் எதிர்பாராத ஒரு காரியத்தை மாஸ்டர் செய்தார். மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரை எம்.டி. பக்கம் திருப்பினார்.

"பொய் சொல்லாதுல்ல? ஹவ், சரி. உங்க பேரையே அடிங்க ஸார். வயசு அடிங்க. அப்புறம் எதையும் தொடாம எண்டர் தட்டிக்கிட்டே போங்க. உங்களுக்கு என்ன வியாதின்னு அதுவே சொல்லும்."

எம்.டி. சிரித்துக்கொண்டே தட்டினார். பிரிண்டர் கடகடவென்று ஓடிச் சீட்டைத் துப்பியது. மாஸ்டர் அதை உருவி, ஜெயித்தவனின் மிடுக்கோடு மேஜையில் வைத்தார். அசிடிட்டி!

எம்.டி. சீட்டைப் பார்த்தார். கண் விரிந்தது. மேஜை டிராயரைத் திறந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"கரெக்ட்! எனக்குப் பத்து வருஷமா அசிடிட்டி. இது எப்படிக் கண்டுபிடிச்சுது? மார்வலஸ்!"

என் மேனேஜர் கை தட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை. நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது. ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கத்துவதற்கு வார்த்தை கிடைக்காமல், வாய் திறந்தபடி நின்றார். அவர் திட்டும்போது எனக்கு ஒன்றும் ஆகாது. அவர் திட்டாமல் நின்றதுதான் தாங்கவில்லை.

"ஸார், தப்பு என்னுது" என்றேன். மேனேஜர் என் காலை மிதித்தார். மிதிக்க மிதிக்கச் சொன்னேன். "லிஸ்ட்ல அசிடிட்டி முதல்ல இருக்கு. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கலைன்னா அதுவே பதிவாயிடும். உங்களுக்கு நிஜமாவே இருக்கிறது தற்செயல். நான் தட்டினா எனக்கும் அதான் வரும். சுவத்துல இருக்கிற கடிகாரத்தோட பேரை அடிச்சாலும் அதான் வரும்."

எம்.டி. நிஜமாகவே கடிகாரத்தின் பெயரை அடித்துப் பார்த்தார். அதற்கும் அசிடிட்டி. மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஐந்தாம் நம்பர் வார்டை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்.

எனக்கு என்ன நடந்தது என்று சொல்லவும் வேண்டுமா? லிஃப்டில் இறங்கும்போதே மேனேஜர் அமெரிக்காவை என்னிடமிருந்து பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். போகட்டும் என்று சொல்கிற பெருந்தன்மை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாஸ்டர் மேலும்தான் கோபம் வந்தது. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று போய்விட்டாரே என்று, நாலு வார்த்தை கேட்டுவிடும் வேகத்தில் அவரைத் தேடிக்கொண்டு போனேன்.

ஐந்தாம் நம்பர் வார்டில் இருந்தார். கடைசிக் கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதர்தான் யாதகிரி. அவருடைய தலையணைக்கு அடியிலிருந்து பீடிக்கட்டு ஒன்றைக் கண்டுபிடித்து மாஸ்டர் தெலுங்கில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அந்தத் திட்டு அப்படியே என் பக்கம் திரும்பியது. பிறந்த குழந்தைக்கு அசிடிட்டி கொடுத்தவன், படித்த முட்டாள், இவன் கட்டத்தில் தீ வைக்க என்று வரிசையாக வந்தது.

யாதகிரி மூச்சு வாங்க வாங்க, யார் இது என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

மாஸ்டர் நிறுத்தினார். பீடிக்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கையை நீட்டி என் காலர் மடிப்பைச் சரிசெய்தார்.

"மனோடே" என்றார்.

நம்மவன் என்று அர்த்தம். கேட்க நினைத்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துபோயிற்று. அந்தக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.