மாடிப் போர்ஷனில் தயாராகும் ஆயுதம்

குகட்பள்ளி, ஹைதராபாத்
புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை

பாளையங்கோட்டையில் வசிக்கும் மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ராமசுவாமி பணிவோடு வணங்கி எழுதிக்கொண்டது. அங்கே தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க நெல்லையப்பர் அருள் புரியட்டும். இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. வாட்ஸ்அப், வீடியோ கால் எல்லாம் இருக்கும்போது இவன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசப் பயமாக இருக்கிறது, அத்தான். யார் ஒட்டுக் கேட்பார்களோ. தாங்கள் போலீஸ் இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். இந்த மாதிரி விஷயத்துக்கு நம் குடும்பத்தில் வேறு ஆள் இல்லை. படித்தவுடன் கடிதத்தை எரித்துவிடவும். அக்காவுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் சாயந்திரத்துக்குள் என் வீட்டுக்காரி பகவதிக்குப் போய்விடும். விஷயமே பகவதியைப் பற்றியதுதான்.

எங்கள் மாடிப் போர்ஷனுக்குச் சித்திரை வாக்கில் கிர்ஸ்டன் என்று ஒரு டென்மார்க்காரப் பெண் குடி வந்தாள். எங்கள் மகள் ஸ்மிதாதான், கூட வேலை பார்க்கிற சிநேகிதி, நல்ல பெண் என்று கொண்டுவந்து விட்டாள். என்னம்மா வேலை என்று கேட்டேன். டிசைனர் என்றாள். எதை டிசைன் செய்கிறாய் என்றால், தினமும் நாம் கையில் எடுக்கிற சாமான்களை என்கிறாள். தினமும் கையில் எடுக்கிற சாமான் என்றால் டம்ளர், கரண்டி, விளக்குமாறு. அதையெல்லாம் என்றைக்கோ செய்து முடித்தாயிற்றே, அதற்காகவா ஒருத்தி அவ்வளவு தூரம் விமானம் ஏறி வருவாள்? அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்மிதாவிடம் சொன்னால் அவள் ஊர் வழக்கப்படி, "அப்பா, லைட் தீஸ்கோ" என்கிறாள். பெரிசாக எடுத்துக்கொள்ளாதே என்று அர்த்தமாம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நாம் தமிழில் பயப்பட்டால் புரிவதே இல்லை.

முதலில் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. பகவதி ஒரு நாள் தூக்கில் அவியல் கொடுத்தாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கு திரும்பி வந்தபோது உள்ளே கறுப்பாக, செங்கல் கனத்தில் ஒரு ரொட்டி இருந்தது. இவள் பதிலுக்குப் புளியோதரை அனுப்ப, மேலேயிருந்து உப்புக் கரிக்கிற ஒரு மிட்டாய் இறங்க, அன்றிலிருந்து அந்தத் தூக்கு வீட்டில் தங்கினதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அவளுடைய சிநேகிதர்கள் கொரியா, பிரேசில் என்று வந்திறங்கி, மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து, பகவதியின் சொதியை ஆளாளுக்குப் போட்டோ எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். சொதியைப் போட்டோ எடுத்து யாருக்கு அனுப்புவார்கள், அத்தான்? இதற்கு நடுவில் ஒரு நாள் என்னைப் பார்த்து, அங்கிள், நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

தங்களுக்குத் தெரியும், நான் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் காலமெல்லாம் ஸ்டோர்ஸில் இருந்தவன். பேப்பர், பென்சில், குண்டூசி எடுத்துக் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் எந்தக் கோர்ட்டு நம்பும்? எல்லாம் தெரிந்தவன்தான் அப்படிச் சொல்வான் என்பார்கள். பென்ஷனை நிறுத்திவிட்டுத்தான் மேலே விசாரிப்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்க்க மாடி ஏறினேன். அவள் பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. மேஜைமேல் ஒரு பெரிய தாள், அதில் ஒரு படம். ஒரு உருளை. அதற்குள் கச்சிதமாக இறங்குகிற இன்னொரு உருளை. அடியில் ஒரு வட்டத் தகடு, அதில் நட்சத்திர வடிவத்தில் துளை. மேல் உருளைக்கு இரண்டு பக்கமும் நீளமான பிடி. மேலிருந்து கீழே அம்புக்குறி போட்டு அழுத்தம் இவ்வளவு என்று கணக்கு வேறு. ஓரத்தில் ஆங்கிலத்தில் "டார்கெட்: தீபாவளி" என்று எழுதியிருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் இந்த ஊர்க் கடைத்தெருவில் எத்தனை ஜனம் இருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி இறங்கி வந்தேன்.

போட்டோவை வெங்கட்ரமணனுக்கு மட்டும்தான் அனுப்பினேன். எனக்கு மூத்தவர், சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பதவியில் இருந்தவர். அவர் யோசனை கேட்கிறேன் என்று எங்கள் ஓய்வுபெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். விஸ்வநாத் இது மோர்ட்டார் என்றார். ஜேம்ஸ் அதெல்லாம் இல்லை, தோளில் வைத்துச் சுடுவது, பிடியைப் பார்த்தால் தெரியவில்லையா என்றார். நட்சத்திரத் துளை இருப்பதால் ராக்கெட் சம்பந்தப்பட்டது என்று சாய்குமார் அரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். ஆயுள் முழுக்க ஆயுதத்தோடு இருந்தவர்கள், அத்தான், ஒருவர்கூட இது ஆயுதமில்லை என்று சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுக்க வெங்கட்ரமணன் ஏற்பாடு செய்துவிட்டார்.

நானும் கொடுத்துத் தொலைத்திருப்பேன். பகவதி இதில் இருக்கிறாளே. கொஞ்ச நாளாக மத்தியானமானால் முந்தானைக்குள் எதையோ மூடி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள். நான் வந்தால் இருவரும் பேச்சை நிறுத்துகிறார்கள். இவளுக்கு ஆங்கிலம் அரைகுறை, அவளுக்குத் தமிழ் அதைவிட, என்னதான் அப்படிப் பேசுவார்கள்? பகவதி வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாள். என்ன என்று கேட்டால், உங்களுக்கு எதுக்கு என்கிறாள். புதன்கிழமை இருவரும் ஆட்டோவில் எங்கோ போய் வந்தார்கள். எங்கள் தெரு ஆட்டோக்காரன் அப்துல் ரஹீமை மடக்கிக் கேட்டேன். நாச்சாரத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனதாகவும், பித்தளையில் ஏதோ கடைந்ததாகவும் சொன்னான். என்ன சாமான் என்றேன். "கைக்கு சாப்? அம்மா யார்கிட்டயும் நக்கோன்னாங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டான். எதற்குக் கேட்கிறீர்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்று அர்த்தம். படம் போட்டாயிற்று, உருப்படியும் தயாராகிறது, அத்தான். என் பெண்டாட்டியே பக்கத்தில் உட்கார்ந்து செய்து வாங்கி வந்திருக்கிறாள்.

இப்போது தாங்கள்தான் வழி சொல்ல வேண்டும். புகார் கொடுத்தால் பகவதியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கொடுக்காவிட்டால் எங்கள் இருவரையும் பிடிப்பார்கள். அவள் பெயரை விட்டுவிட்டுப் புகார் எழுத முடியுமா? அவளை அப்ரூவராக மாற்றினால் ராத்திரிக்காவது வீட்டுக்கு அனுப்புவார்களா? அவள் இல்லாமல் எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. எனக்கு அவள்மேல் பிரியம் அதிகம். இத்தனை வருஷத்தில் அவளிடமே சொன்னதில்லை, தங்களிடம் எழுதுகிறேன். ராத்திரி அவள் தூங்கும்போது அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. யாரிடம் போய் மாட்டிக்கொண்டாளோ. முடிந்தால் அடுத்த ரயிலில் புறப்பட்டு வரவும். வரும்போது சாதாரண உடையில் வரவும்.

அக்காவின் பாதங்களுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசி. கடவுள் எல்லோரையும் காப்பாற்றட்டும், கொஞ்சம் சீக்கிரமாகக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
தங்கள் அன்புள்ள மைத்துனன்
ராமசுவாமி

பி.கு.: கவரை ஒட்டப் பசை இல்லை. சோற்றுப் பருக்கை எடுக்கலாம் என்று அடுக்களைக்குள் போனேன், வழக்கமாக நான் போகிற இடமில்லை. மேடைமேல் அது இருந்தது. படத்தில் பார்த்த அதேதான், பித்தளையில், இரண்டு பக்கமும் நீளமான மரப்பிடியோடு. பகவதி உள்ளங்கையை அதன்மேல் வைத்து லேசாகச் சாய்ந்தாள். அடியில் விரித்த துணியில் முள்முறுக்கு சுற்றிச் சுற்றி விழுந்தது. கிர்ஸ்டன் பக்கத்தில் நின்று அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கையிலிருந்த கடிதத்தைப் பகவதி வாங்கி முழுவதும் படித்தாள். நடுவில் ஒரு வரியை மட்டும் இரண்டாம் தடவை படித்தாள், எது என்று தாங்களே ஊகித்துக்கொள்ளவும். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கலியாணம் ஆன நாள்லேருந்து முறுக்கு அச்சுல பிழிஞ்சதைத்தான் தின்னுட்டு இருக்கீங்க. எத்தனை வருசமா மணிக்கட்டு வலிக்குன்னு சொல்லுதேன், தைலம் தேச்சுக்கோன்னீங்க. இந்தப் பிள்ளை பழைய அச்சைக் கையில வாங்கிப் பாத்துட்டு, ஆன்ட்டி, தப்பு உங்க கையில இல்ல, இதுலதான்னு சொல்லிச்சு."

எனக்குத் தெரியாமல் செய்ததற்கும் காரணம் சொன்னாள். பழைய அச்சுக்கு என்ன குறைச்சல் என்று நான் கேட்பேனாம். கேட்டிருப்பேன்.

குரூப்பில் உண்மையைப் போட்டுவிட்டேன். வெங்கட்ரமணனின் சம்சாரம் பத்மஜா அவர் போனை வாங்கி, இது எங்கே கிடைக்கும், ஓமப்பொடித் தகடு உண்டா என்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை எல்லோரும் புகாருக்குப் பதிலாக இங்கே வருகிறார்கள். முறுக்குப் பிழியப் போவது நான். பழைய அச்சில் பிழிய வேண்டும் என்பது பகவதியின் உத்தரவு.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. கடிதத்தை எரிக்க வேண்டாம், அக்காவிடம் காட்டச் சொல்கிறாள். காட்டிவிட்டு, உனக்கு எங்கேயாவது வலிக்கிறதா என்று அக்காவைக் கேளுங்கள், அத்தான். கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.