மஞ்சள் விளக்கு விஷயமாகத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம், அவள் முழங்கால் நீங்கலாக. அங்கே நீயும் நலம் என்றே நினைக்கிறேன். போனை எடுத்தால்தானே தெரியும்.

"தெரிஞ்சேதான் இந்த ஓட்டை வண்டியை என் தலையில கட்டிட்ட" என்று நான் சொன்னதும் போனை வைத்தவன்தான், பத்து நாளாகிறது. சொன்னது சொன்னதுதான். ஆனால் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவன் இல்லை உன் அண்ணன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே சொல்லு.

நீ காரைக் கொடுத்துவிட்டுப் போன மூன்றாம் நாள், அண்ணியை முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிப்போகச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "டேங்க்ல ஆவி கசியுது சார்" என்றார். யாரிடம்? முப்பத்தொரு வருஷம் ஆலையில் பாய்லர் பார்த்தவனிடம்! பெட்ரோல் சும்மா கிடந்தாலும் ஆவியாகுமாம். அது காற்றில் கலக்காமல் ஒரு கரி டப்பா பிடித்து வைத்துக்கொள்ளுமாம், வண்டி ஓடும்போது இன்ஜின் அதை இழுத்து எரித்துவிடுமாம். நிறுத்தி ஐந்து மணி நேரம் கழித்து, எங்கேயாவது கசிகிறதா என்று வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுமாம். யாரும் பார்க்காதபோது தன் குறையைத் தானே தேடுகிற சாமானை நான் அதுவரை கண்டதில்லை. மனுஷனுக்கு அந்தப் புத்தி வருமா என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே நின்றேன்.

"பெட்ரோல் டேங்க் மூடியை நல்லா முடுக்குறீங்களா சார்?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "தினமும் காலையில மூணு தடவை கிளிக்குனு கேக்குற வரைக்கும் முடுக்குறேன்யா, என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?" என்றேன். மனுஷன் புது மூடி போட்டு விளக்கை அணைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் எரிந்தது. வால்வை மாற்றினார், மூன்றாம் நாள் எரிந்தது. குழாய்க்குள் புகையைச் செலுத்தினார், ஓட்டை இருந்தால் அங்கே புகை வரும் என்று. நானும் டார்ச் லைட்டோடு வண்டிக்கடியில் படுத்துத் தேடினேன், ஓர் இழை புகை வரவில்லை, என்னை வெளியே இழுக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கடைசியில் ஒரு வாரம் பட்டறையிலேயே வைத்து ஓட்டிப் பார்த்தார். விளக்கு எரியவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், மூன்றாம் நாள் எரிந்தது. "வண்டிக்கு உங்க வீடு பிடிக்கல போல சார்" என்கிறார்.

மாதக் கடைசியில் வண்டிக்கு அரசாங்கப் புகைச் சோதனை. விளக்கோடு போனால் சான்றிதழ் கிடையாது, அது இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. உன் அண்ணியால் பஸ் படி ஏற முடியுமா, சொல்லு. போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, நாம் வழக்கமாகப் பேசுகிற நேரத்துக்கு, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது வேற விஷயம்.

ஆகவே வண்டியை நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கும்தான். கோபம் தனி, ஆசி தனி.

இப்படிக்கு,
அண்ணன்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். "பெட்ரோல் போடாத அன்னிக்கும் எதுக்கு மூடியை முடுக்குறீங்க?" என்றாள்.

"சாயங்காலம் தளர்த்தி விடுறேன்ல, அதான்."

"எதுக்குத் தளர்த்துறீங்க?"

"ஆவி அடைஞ்சு கிடக்கக் கூடாதும்மா. ஷிஃப்ட் முடிஞ்சா பிரஷரை விட்டுட்டுத்தானே கிளம்பணும்?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, பட்டறையில் அதைத் தளர்த்த ஆள் இல்லை என்று.

மறுபடி விளக்கை அணைத்து வாங்கிவந்து ஆறு நாளாகிறது. சாயங்காலம் கை பரபரக்கிறது, பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். விளக்கு எரியவில்லை. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் பாய்லர் அறைப் பதிவேட்டில் தப்பாக எழுதினால் கிழிக்கக் கூடாது, கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டேன். நீ கொடுத்தது நல்ல வண்டிடா. நான் பேசியதுதான் தப்பு. மெக்கானிக்கிடம்கூட இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். எடுடா.